டெல்டா சாப்பாடு: நினைத்ததைவிட நன்றாக இருப்பது எது, ஏமாற்றுவது எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயில் சுற்ற, கல்யாணத்துக்கு, காது குத்துக்கு என்று தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கம் வந்துபோகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். "இதைப் பற்றி அவ்வளவு சொன்னார்களே, இவ்வளவுதானா?" என்று பாதிப் பேர் கேட்கிறார்கள். மீதிப் பேர் "இதைப் பற்றி யாருமே சொல்லவில்லையே!" என்கிறார்கள். இரண்டுக்கும் என் பதில் ஏறக்குறைய ஒன்றுதான். எங்கள் ஊர்ப் பண்டங்களில் பெரும்பாலானவை சூட்டுக்கும் நேரத்துக்கும் கட்டுப்பட்டவை. அது தப்பினால் எவ்வளவு பேர் போன பண்டமும் சப்பென்று இருக்கும். அது அமைந்துவிட்டால் பார்வைக்கு ஒன்றுமில்லாத குழம்பும் தட்டைத் துடைக்க வைக்கும்.

நெடுஞ்சாலையில் 'கும்பகோணம் டிகிரி காபி' என்ற பலகையைப் பார்த்து வண்டியை நிறுத்தினோம். பித்தளை டபராவில்தான் கொடுத்தார்கள். கசப்பும் சர்க்கரையும் தவிர ஒன்றும் தெரியவில்லை. இதுதானா அது?

இல்லை. பலகையும் டபராவும் சுலபமாக ஊர் ஊராகப் போய்விட்டன. பால் போகவில்லை.

அந்தக் காபிக்குப் பேர் வாங்கித் தந்தது தண்ணீர் கலக்காத, அன்றைக்குக் கறந்த பசும்பால். அதை ஒரு தடவைதான் காய்ச்ச வேண்டும். அடுப்பிலேயே மணிக்கணக்கில் கொதித்துக் கொண்டிருக்கும் பாலில் ஒரு வெந்த வாடை ஏறிவிடும். அப்புறம் எந்தத் தூளைப் போட்டாலும் அந்த வாடைதான் முன்னால் நிற்கும். டிகாஷன் கதையும் இதேதான். ஃபில்டரில் முதலில் இறங்குவதை உடனே கலந்தால் மணம் இருக்கும். காலையில் இறக்கியதைச் சூடு காட்டிக் காட்டி மத்தியானம் வரை ஓட்டினால் மணம் ஆவியோடு போய்க் கசப்பு மட்டும் தங்கும். அந்தக் கசப்பை மறைக்கச் சர்க்கரையை அள்ளிப் போடுகிறார்கள். நீங்கள் குடித்தது அதுதான்.

சிக்கரியைக் குறை சொல்லாதீர்கள். கும்பகோணத்திலும் சிக்கரி கலந்த தூள்தான் வழக்கம். அளவாக இருந்தால் டிகாஷனுக்கு ஒரு கனம் கொடுக்கும். அளவு மீறினால் வாயில் ஒரு கருகல் சுவை கடைசிவரை நிற்கும்.

நல்ல கடையைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். விடியற்காலையிலோ மூன்று மூன்றரை மணிக்கோ போங்கள். இரண்டும் புதுப்பால் வந்து இறங்குகிற நேரம். கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று, டிகாஷனை எந்தப் பாத்திரத்திலிருந்து எடுக்கிறார் என்று பாருங்கள். சின்னப் பாத்திரத்தில் அடிக்கடி இறக்குகிற கடை நல்ல கடை.

கடப்பா என்று ஒன்று இட்லிக்கு ஊற்றினார்கள். வெளுப்பாக, நீர்த்த குருமா மாதிரி இருந்தது. அரை மனதோடு தொட்டேன். இரண்டு தடவை கேட்டு வாங்கினேன்! அதில் என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். எங்கள் ஊர்ச் சாப்பாட்டில் பார்வைக்கு இவ்வளவு சாதுவாக இருந்துகொண்டு இவ்வளவு வேலை காட்டுவது வேறு எதுவும் இல்லை.

உள்ளே இருப்பது பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும். பருப்பைக் குழைய வேகவைத்துக்கொள்ள வேண்டும். கிழங்கை வேகவைத்துக் கையால் உதிர்க்க வேண்டும், கத்தி படக்கூடாது. உதிர்த்த கிழங்கில் பாதி கரைந்து குழம்பைக் கெட்டிப்படுத்தும், பாதி கட்டியாக நின்று வாயில் அகப்படும். அரைப்பதற்குத் தேங்காய், பச்சை மிளகாய், சோம்பு, கசகசா, பொட்டுக்கடலை, இரண்டு பல் பூண்டு. தாளிக்கப் பட்டை, கிராம்பு, பிரிஞ்சி இலை, வெங்காயம். மிளகாய்த்தூள் கிடையாது. காரமெல்லாம் பச்சை மிளகாயில்தான். அதனால்தான் வெளுப்பு. அரைத்த விழுதைப் போட்ட பிறகு ஒரு கொதி வந்ததும் இறக்கிவிட வேண்டும். ரொம்பக் கொதித்தால் தேங்காய் திரிந்து எண்ணெய் பிரியும், சோம்பு வாசனையும் போய்விடும். இறக்கியபின் எலுமிச்சம்பழம் பிழிவார்கள். உங்களை இரண்டாம் தடவை கேட்க வைத்தது பெரும்பாலும் அந்தப் புளிப்புதான்.

ஒரு எச்சரிக்கை. கடப்பா ஆறினால் பருப்பும் கிழங்கும் இறுகிக் களியாகிவிடும். பார்சல் வாங்கிப்போய் ராத்திரி திறந்து பார்த்து, "இதைத்தான் புகழ்ந்தீர்களா" என்று கேட்டவர்கள் நிறைய. வெந்நீர் விட்டுத் தளர்த்தி, லேசாகச் சூடு காட்டி, கொஞ்சம் எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். பாதி மீளும். இன்னொன்று, பல கடைகளில் இது எல்லா நாளும் இருக்காது. உட்காருவதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள்.

திருவையாற்று அசோகா டப்பாவில் வந்தது. கட்டியாக, நெய் வெள்ளை வெள்ளையாக உறைந்து, மாவு மாதிரி இருந்தது. இதற்கா இவ்வளவு பேர்?

ஃபிரிட்ஜில் வைத்தீர்களா? வைத்திருப்பீர்கள். அசோகா பாசிப்பருப்பில் செய்கிற அல்வா. வறுத்து வேகவைத்து மசித்த பருப்பு, நெய்யில் வறுத்த கோதுமை மாவு, சர்க்கரை, அதற்கு மேல் நெய். நெய் இளகி இருக்கும்வரைதான் அது அசோகா. உறைந்தால் நாக்கில் மெழுகு பூசிய மாதிரி ஆகிவிடும், இனிப்பும் மங்கிப்போகும். இனிப்பை உணரும் நரம்பு குளிர்ந்த பண்டத்தைவிட வெதுவெதுப்பான பண்டத்தில் நன்றாக வேலை செய்யும். உருகிய ஐஸ்கிரீம் திகட்டுவதும் இதனால்தான்.

வாணலியிலிருந்து எடுத்து இலைத்துண்டில் வைத்துத் தருகிற கடையில், நின்றபடியே ஒரு கரண்டி சாப்பிடுங்கள். டப்பாவில் வந்தது என்றால் வெந்நீரில் கிண்ணத்தை வைத்து இளக்கிக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து நேரே வாயில் போடாதீர்கள், அவ்வளவுதான் நான் கேட்டுக்கொள்வது.

ஒப்பிலியப்பன் கோயிலில் எல்லாப் பிரசாதமும் உப்பில்லாமல்தானாமே. சாப்பிட முடியுமா?

சாப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்! கும்பகோணத்துக்குப் பக்கத்தில், திருநாகேஸ்வரத்தை ஒட்டி இருக்கிற இந்தப் பெருமாள் கோயிலில் நைவேத்தியம் எதிலும் உப்பு கிடையாது. மார்க்கண்டேய மகரிஷி வளர்த்த பூமிதேவியைப் பெருமாள் பெண் கேட்டு வருகிறார். "சின்னப்பெண், சமையலில் உப்புப் போடக்கூடத் தெரியாதே" என்கிறார் மகரிஷி. "உப்பில்லாமலே ஏற்றுக்கொள்கிறேன்" என்கிறார் பெருமாள். தலபுராணம் இது. உப்புச் சேர்த்த பண்டத்தைக் கோயிலுக்குள் கொண்டுபோவதும் கூடாது என்பார்கள்.

அங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்குக் குறையே தெரியாது என்பது பக்தர்களின் அனுபவம், எனக்கும் அப்படித்தான். நம்பிக்கைக்கு உரியதை நம்பிக்கைக்கே விட்டுவிடுகிறேன். சமையல் கணக்கிலும் ஒரு நியாயம் இருக்கிறது. புளி, மிளகு, பெருங்காயம், நல்லெண்ணெய் இவையெல்லாம் சேரும்போது நாக்கு உப்பைத் தேடுவது குறையும். குறிப்பாகப் புளிப்பு, இல்லாத உப்பை இருப்பதுபோலக் காட்டும். உப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் எழுதிக்கொடுத்த வீடுகளில் இதை யோசித்துப் பார்க்கலாம். வெறும் சோற்றிலும் கூட்டிலும் உப்பைக் குறைத்தால் வாய்க்கு வழங்காது. புளிக்குழம்பிலும் எலுமிச்சை ரசத்திலும் குறைத்தால் பாதிப் பேர் கவனிக்க மாட்டார்கள்.

எங்கள் வீட்டு மாப்பிள்ளை மதுரைக்காரர். "மாமா, உங்கள் ஊரில் காரமே கிடையாதா?" என்கிறார்.

இருக்கிறது, தனியாக இருக்கிறது. மோர்க்குழம்பும் கூட்டும் சாதுவாக இருக்கும், பக்கத்தில் மோர்மிளகாய் காத்திருக்கும். எங்கள் பக்கத்துக் குண்டுக் குடமிளகாயை மோரில் ஊறப்போட்டு மாசி, பங்குனி வெயிலில் காயவைத்து எடுத்தது. அதை வறுத்துத் தயிர்ச்சாதத்துக்கு வையுங்கள். மாப்பிள்ளை அதற்கப்புறம் கேட்க மாட்டார்.

பாரம்பரிய அரிசி நல்லது என்று மாப்பிள்ளை சம்பா வாங்கினோம். சக்கையாக இருக்கிறது, குழந்தைகள் தொடவே மாட்டேன் என்கிறார்கள். எல்லாரும் எப்படிப் புகழ்கிறார்கள்?

பொன்னி அரிசி மாதிரி கழுவி, குக்கரில் போட்டு, சாம்பார் ஊற்றினால் சக்கையாகத்தான் இருக்கும். சிவப்புத் தவிடு முழுசாக இருக்கிற அரிசி அது. அந்தத் தவிடு தண்ணீரை லேசில் உள்ளே விடாது. முதல் நாள் ராத்திரியே ஊறப்போட வேண்டும், தண்ணீரும் கூடுதலாக வைக்க வேண்டும். அப்படியும் அது சாம்பார் சாதத்துக்கான அரிசி என்று நான் சொல்ல மாட்டேன். கஞ்சி, இட்லி, ஆப்பம், பழைய சோறு, இந்த நாலிலும் அதன் ருசியே வேறு. இட்லியில் மூன்றில் ஒரு பங்கு சேர்த்துப் பாருங்கள். ஒரு மெல்லிய இனிப்பு வரும், நிறமும் அழகாக இருக்கும். குழந்தைகளுக்கு அங்கிருந்து தொடங்குங்கள்.

இந்த நெல்லெல்லாம் இன்றைக்குக் கடையில் கிடைப்பதே பெரிய விஷயம். திருத்துறைப்பூண்டிப் பக்கத்து நெல் ஜெயராமன் ஊர் ஊராகத் தேடி 174 பாரம்பரிய ரகங்களை மீட்டார். இயற்கை வேளாண்மைக்காக உழைத்த நம்மாழ்வாரோடு சேர்ந்து 2006-இல் ஆதிரெங்கத்தில் தொடங்கிய நெல் திருவிழாவில் உழவர்களுக்கு விதைநெல் கொடுத்து, அடுத்த வருஷம் இரட்டிப்பாகத் திருப்பி வாங்கி இன்னொருவருக்குக் கொடுத்தார். 2018 டிசம்பரில் அவர் மறைந்தார். அவர் காப்பாற்றிக் கொடுத்த அரிசியை விசில் கணக்கில் வேகவைத்துவிட்டு "நன்றாக இல்லை" என்று ஒதுக்குவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு வேலை இருந்தது. தூயமல்லி சோற்றுக்கு, சீரக சம்பா பிரியாணிக்கு, பூங்கார் கஞ்சிக்கு. எதையும் அதன் வேலையில் வைத்துப் பார்த்த பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.

தையில் அத்தை வீட்டிலிருந்து புது அரிசி வந்தது. ஆசையாக வடித்தால் குழைந்துவிட்டது. அரிசி சரியில்லையா?

அரிசி நன்றாகத்தான் இருக்கிறது, அவசரப்பட்டுவிட்டீர்கள். அறுத்த உடனே அரைத்த அரிசி குழையும், ஒட்டும். பொங்கலுக்கு அதுதான் வேண்டும். சோற்றுக்கு ஆறு மாதமாவது கிடக்க வேண்டும். பழசாகப் பழசாகத் தண்ணீரை அதிகம் குடிக்கும், உதிரியாக வரும், சோறும் நிறையக் காணும். இப்போதைக்குத் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தினமும் வெண்பொங்கல்தான்.

குளத்து விரால் என்று கிலோ கணக்கில் விலை கொடுத்து வாங்கினோம். சேற்று வாடை. ஏமாற்றிவிட்டார்களா?

விற்றவர் மேல் தப்பு இருக்காது. குளத்துத் தண்ணீரிலும் சேற்றிலும் வாழ்கிற நுண்ணுயிர்கள் ஜியோஸ்மின் என்ற ஒரு பொருளை உண்டாக்குகின்றன. கோடை கழிந்து முதல் மழை விழுந்ததும் எழும்புகிற மண்வாசனைக்கும் அதுதான் காரணம். மூக்குக்கு வந்தால் கவிதை பாடுகிறோம், மீனில் வந்தால் முகம் சுளிக்கிறோம்! செவுள் வழியாகவும் தோல் வழியாகவும் அது மீனுக்குள் போய்க் கொழுப்பில் தங்கிவிடும். பங்குனி, சித்திரையில் குளம் வற்றித் தண்ணீர் கலங்கும்போது இது அதிகமாகத் தெரியும். ஆற்றில் தண்ணீர் ஓடுகிற காலத்தில் பிடித்த மீனில் குறைவு.

எங்கள் வீடுகளில் உயிரோடு வாங்கி நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று நாள் விட்டுவைப்பார்கள். வாடை தானாக இறங்கும். செத்த மீனாக இருந்தால் கல்லுப்பும் சாம்பலும் போட்டுச் சொரசொரப்பான கல்லில் தோல் வெளுக்கும்வரை உரசி, புளித்தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டுவைக்க வேண்டும். புளி ஜியோஸ்மினைச் சிதைக்கும். கடல்மீனின் கவிச்சி வேறு பொருளால் வருவது. ஆனால் அதையும் புளிதான் அடக்கும். ஆக, நம் மீன்குழம்பில் புளி ருசிக்கு மட்டும் சேர்ந்ததாக நான் நினைக்கவில்லை. விராலைப் பொரிக்காதீர்கள், குழம்பு வையுங்கள், மறுநாள் சாப்பிடுங்கள்.

நாகூர்ப் பக்கம் எதைத் தேடிச் சாப்பிடலாம்?

சாயங்காலம் தர்கா பக்கம் போனால் வாடா கிடைக்கும். அரிசி மாவில் தட்டி, மேலே இறால் பதித்துப் பொரித்தது, வெங்காயக் கலவையோடு தருவார்கள். வடை என்று நினைத்துக் கடித்தால் அசந்துபோவீர்கள். தம்ரூட்டையும் விடாதீர்கள். பார்த்தால் கேசரித் துண்டு. ரவை, முட்டை, பால், நெய் சேர்த்து மேலேயும் கீழேயும் சூடு கொடுத்து எடுப்பது. மேல்தோல் சிவந்து லேசாக மொறுமொறுக்கும், உள்ளே ஈரமாக இருக்கும். இது ஆறினாலும் நன்றாக இருக்கிற அபூர்வப் பண்டம்.

பழைய சோறு என்று ஹோட்டலில் மண்சட்டியில் வைத்துத் தந்தார்கள். வெறும் தண்ணிச்சோறாக இருந்தது. சின்ன வயதில் ருசித்தது நினைவுக் கோளாறா?

உங்கள் நினைவு சரிதான். காலையில் வடித்த சோற்றில் ஐஸ் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தால் அது நனைந்த சோறு. பழையதுக்கு ஒரு ராத்திரி வேண்டும். புழுங்கலரிசிச் சோறு மூழ்கத் தண்ணீர் விட்டு, ஃபிரிட்ஜுக்கு வெளியே வைத்தால்தான் நுண்ணுயிர்கள் வேலை செய்து அந்த மெல்லிய புளிப்பு வரும். மூடியைத் திறந்ததும் லேசாக ஒரு புளித்த மணம் வர வேண்டும். நீராகாரம் சற்றுக் கலங்கி இருக்க வேண்டும். பருக்கையை நசுக்கினால் வெண்ணெய் மாதிரி மசிய வேண்டும். சின்ன வெங்காயம், கல்லுப்பு, கெட்டித் தயிர், முந்தின நாள் சுண்டக் காய்ச்சிய குழம்பு. சித்திரை வெயிலில் இதை அடிக்கிற சாப்பாட்டை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஆடிப்பெருக்குக்குப் படித்துறையில் சாப்பிட்ட புளியோதரை மாதிரி வீட்டில் வருவதே இல்லை. அதே கைப்பக்குவம், அதே புளிக்காய்ச்சல். காற்று வாங்கிக்கொண்டு சாப்பிடுவதாலா?

காற்றுக்கும் தண்ணீருக்கும் பங்கு உண்டு. ஆடி பதினெட்டில் திருவையாற்றிலோ மயிலாடுதுறைத் துலாக்கட்டத்திலோ காவிரி ஓடுவதைப் பார்த்தபடி, பசியோடு உட்கார்ந்தால் எதுவும் ருசிக்கும். ஆனால் பெரிய காரணம், விடியற்காலையில் கிளறியதை நீங்கள் மத்தியானம் சாப்பிடுகிறீர்கள். வீட்டில் கிளறியதும் தட்டில் போட்டுவிடுகிறீர்கள்.

புளியோதரைக்கு அந்த ஐந்தாறு மணி நேரம் வேண்டும். சூட்டில் சோறு மென்மையாக இருக்கும், புளிக்காய்ச்சல் மேலே மட்டும் பூசிக்கொண்டு நிற்கும். ஆற ஆறப் பருக்கை இறுகும், புளியும் உப்பும் நல்லெண்ணெயும் மெல்ல உள்ளே இறங்கும். வறுத்த வெந்தயத்தின் கசப்பும் அடங்கும். கட்டுச்சோற்றை வாழையிலையில் பொதிந்திருந்தால் சூட்டில் வாடிய இலையின் மணமும் சேரும். எவர்சில்வர் டப்பாவில் அது வராது. வீட்டில் ஒரு நாள் காலை ஆறு மணிக்குக் கிளறி, இலை போட்டு மூடிவைத்து, ஒரு மணிக்குத் திறந்து பாருங்கள்.

தயிர்ச்சாதத்துக்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். பாலை நிறைய விட்டு, தயிர் ஒரு கரண்டி மட்டும் சேர்த்து எடுத்துப்போனால் சாப்பிடும் நேரத்துக்குச் சரியாக உறைந்திருக்கும்.

ரஸ்தாளிப்பழம் உள்ளே கட்டி கட்டியாக இருந்தது.

ரஸ்தாளியில் அது வருவதுண்டு, வெளியே தெரியாது. தோல் மெலிந்து புள்ளி விழும்வரை பொறுங்கள், அப்படியும் கட்டி இருந்தால் அந்தத் தாரே அப்படி. அவசரத்துக்குப் பூவன் வாங்குங்கள்.

கல்யாணச் சாப்பாடு என்றால் தஞ்சாவூர் என்பார்கள். போன மாதம் இருபது வகை பரிமாறினார்கள். எதுவும் மனதில் நிற்கவில்லையே?

இருபது வகை என்பதுதான் காரணம். இலையில் பன்னீரும் கோபி மஞ்சூரியனும் குட்டித் தோசையும் சேர்ந்து இடம் பிடித்தால் ரசத்தைக் கவனிக்க யாருக்கு நேரம் இருக்கிறது? நல்ல சமையல்காரரின் கை ரசத்திலும் கறியமுதிலும் பாயசத்திலும்தான் தெரியும். சாப்பிடப் போகிறவர்கள் முதல் பந்தியில் உட்காருங்கள். கல்யாணம் வைக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வகையைப் பாதியாகக் குறைத்து, நெய்யையும் பாலையும் நல்லதாக வாங்கிக் கொடுங்கள்.

கும்பகோணம் வெற்றிலை காரமில்லாமல் மென்மையாக இருக்கும் என்றார்கள். எனக்கு வாய் வெந்துபோனது.

வெந்தது சுண்ணாம்பால். பாபநாசம், ராஜகிரி, அய்யம்பேட்டைப் பக்கத்துக் கொடிக்கால்களில் வருகிற கொழுந்து வெற்றிலை மென்மையானதுதான். 2025-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. காம்பையும் நுனியையும் கிள்ளிவிட்டு, பின்பக்கம் துடைத்து, சுண்ணாம்பை விரல்நுனியில் தொட்டுத் தடவினால் போதும்.

ஊருக்கு எடுத்துப்போக எது தாங்கும்?

வெற்றிலை தாங்கும், ஈரத்துணியில் சுற்றுங்கள். மோர்மிளகாய், மணத்தக்காளி வற்றல், புளிக்காய்ச்சல் மாதக்கணக்கில் தாங்கும். தம்ரூட் இரண்டு மூன்று நாள். அசோகா ஒரு நாள், இளக்கிச் சாப்பிடுவதாக இருந்தால். கடப்பாவையும் காபியையும் இங்கேயே முடித்துக்கொண்டு பஸ் ஏறுங்கள்.